அலுமாரிக்குள் அம்மா

கல்லடி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “அம்மாவ அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வாறன் கா.”

எனக்கு வேர்த்துவிட்டது. பொலிசுக்கு அடிக்க ஃபோனை எடுத்தேன். அவசரத்தில் டோர்ச்தான் எரிந்தது.

“மாதா சுரூபத்தையா? ஏன் கா?”

“மாப்பிள்ள வீட்டார் மெதடிஸ்த சபை, சுரூபம் வெச்சுக் கும்பிடுறது அவங்களுக்கு ஆகாது. பின்னேரம் பொம்புள பாக்க வாறாங்க. சுரூபத்தக் கண்டா எழும்பிப் போயிருவாங்க.”

“எந்தக் காலத்திலயோ ஜெர்மனில ஒரு சாமியார் நம்மட சபையோட கோவிச்சுப் பிரிஞ்சதுக்கு நம்மட புள்ளைர கலியாணம் குழம்பணுமா?”

“அந்தப் பயந்தான். இதும் தட்டிப்போனா, இனி ஒருத்தருக்கும் முன்னால வந்து நிக்கமாட்டனெண்டு மகள் சொல்லிட்டாள்.”

“செபமாவது சொன்னியா?”

“சொல்லாம? பூட்டின அலுமாரிக்கு முன்னால முழங்கால்ல நிண்டு, ‘அவங்க போகுமட்டும் பொறுத்துக்கங்க, இந்தக் கலியாணத்த நீங்கதான் நடத்தி வெக்கணும்’ எண்டு அம்மாட்டத்தான் கேட்டன்.”