கிளாராவின் விளக்கு

பன்னீர் திராட்சையைத் தோலோடு மென்று விழுங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும். நீங்கள் அப்படித்தான் சாப்பிடுகிறீர்கள், சார். பிரின்ஸ் தோலை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று என்னைப் பார்ப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இந்த மேட்டுக்கு முதல்முறையாக வந்திருப்பதால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்வதுதான் என் வேலையாக இருந்தது.

போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில் பிரிந்து, ஜீப் மட்டுமே ஏறுகிற பாதையில் வந்தால் இந்த ஜெர்மன் மேடு. செங்குத்தான ஓட்டுக்கூரை போட்ட சில வீடுகள், கல்லில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோவில், அதில் கப்பலில் வந்த மணி, இந்தப் பங்களா, பங்களாவுக்கு அடியில் நிலவறை. எல்லாம் ரைமர் என்ற ஜெர்மன்காரர் கட்டியது. அவருடைய ஊரில் ஆற்றங்கரைச் சரிவு முழுக்கத் திராட்சையாம். இங்கே ஏலக்காய்ச் சரிவின் நடுவே அதே ஊரை மறுபடி எழுப்பிப் பார்த்தார். திராட்சை நின்றதே தவிர சரியாகக் காய்க்கவில்லை. காய்த்ததை மழை அழுக வைத்தது. அவர் கப்பலேறிப் போய்விட்டார். ஊர் மட்டும் நின்றுகொண்டது.

இப்போது இது போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் பெத்துராஜ் அண்ணாச்சியுடையது. கம்பத்திலிருந்து திராட்சை லோடு ஏற்றிவந்து நிலவறையில் பெரிய பெரிய தொட்டிகளில் நொதிக்க வைப்பார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் ஒயின் உண்டு. அதற்கு முன்னால் என் கதை உண்டு.

என் அப்பா இங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குப் பிறகு அவரும் போனதும் நான் அதே வீட்டில் தங்கிவிட்டேன். காய் எடுப்பு முடிந்தால் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். மேகம் ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, இன்னொரு ஜன்னல் வழியாகப் போகும். நான் போடி நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்துவந்து படிப்பேன். ரயில் நிலையங்களில் கையுறையைத் தவற விடுகிற பெண்கள், கம்பு ரொட்டி, உறைந்த ஆறு. உறைந்த ஆற்றின்மேல் நடந்தால் என்ன சத்தம் வரும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்திருக்கிறேன். கேட்பதற்கு ஆள் இல்லை.

அதனால் அண்ணாச்சி என்னை விருந்தாளிகளுக்கு இடம் காட்டச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஜீப் நிறைய ஆட்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு.

விளக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அது கன்னையன் அண்ணனுடைய பழக்கம். தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். தேவாரத்துக்காரர், முன்பு கிணறுகளில் தூர் வாரும் வேலை செய்தவர். பாழடைந்த கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் ஓர் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. திராட்சைச் சாறு நுரைக்கிற நாட்களில் நிலவறையிலும் அப்படித்தான். நுரையிலிருந்து வருகிற காற்று கனமானது. தரையோடு படுத்துக் கிடக்கும். பழவாசனையைத் தவிர எதுவும் தெரியாது. சரிவுப் பக்கம் ஒரு பலகைக் கதவு இருக்கிறது, அதைத் திறந்தே வைத்தால் காற்று வழிந்து வெளியே போய்விடும். அப்படியும் அவர் விளக்கு இறக்காமல் ஒருநாளும் இறங்கியதில்லை.

"வெளக்கு நின்னா நாம நிக்கலாம் ஆத்தா. அது போனா நாமளும் போனோம். அம்புட்டுத்தான்" என்பார்.

விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார்கள். கெட்ட காற்று என்று உண்மையைத்தான் சொல்ல இருந்தேன். அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, அதைச் சொன்னால் நாளைக்கு ஒருத்தன் மலையேற மாட்டான், வேறு ஏதாவது சொல் என்றார். நான் வேறு ஏதாவது சொன்னேன்.

கிளாரா அப்படித்தான் வந்தாள். ரைமரின் மனைவி. மணி வந்த அதே கப்பலில் வந்தவள். இந்த மலை அவளுக்கு ஒட்டவில்லை. தன் ஊர்க் குளிர் இருந்த ஒரே இடம் நிலவறை என்பதால் பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்கப் போகுமுன் ரைமர் ஒரு விளக்கை இறக்கி அனுமதி கேட்பார். விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்தால் அவள் தனியாக இருக்க விரும்புகிறாள். கடைசியில் அவள் இந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தாள். ரைமர் கப்பலேறப் புறப்பட்ட அன்று, அவளுக்குக் கேட்கட்டும் என்று அந்த மணியை ஒருமுறை அடித்தார். கதை முடிந்ததும் நானும் கோவிலுக்குப் போய் மணியை ஒருமுறை அடிப்பேன்.

அண்ணாச்சி முதல் தடவை கேட்டுவிட்டு, "எங்க அய்யா காலத்துல இப்பிடி ஒரு பேச்சே இல்லையே" என்றார். பிறகு, "இருக்கட்டும் ஆத்தா. பொம்பளையாளுக அழுகுறாகல்ல" என்றார்.

ஒன்றைக் கவனியுங்கள், சார். விளக்கு அணைந்த நாட்களில் ஒருவர்கூட உள்ளே போக அடம்பிடித்ததில்லை. கிளாராவுக்கு இன்று மனசு சரியில்லை என்பேன். தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கெட்ட காற்று என்று சொல்லியிருந்தால் யாராவது ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்திருப்பான். கிளாரா அத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

ஒரே ஒரு வருத்தம். மணிவரை யாரும் இருந்ததில்லை. ஒயின் கிளாஸ் காலியானதும் கீழே ஜீப்பில் சுருளி அண்ணன் ஹாரன் அடிக்க ஆரம்பிப்பார். "வெரசா முடி ஆத்தா, அடுத்த லோடு போடியில நிக்குது." அவருக்கு ஆட்களும் லோடுதான். பாதிக் கதையில் ஒவ்வொருவராக நழுவுவார்கள். நான் தனியாகப் போய் மணியடித்துவிட்டு வருவேன். ஏலச் செடிகளுக்குள் அந்தச் சத்தம் இறங்கிப் போய் எங்கோ நின்றுவிடும்.

பிரின்ஸ், அண்ணாச்சியின் அக்கா மகன். ஜெர்மனியில் விடுதி நடத்தும் படிப்பு படித்து, அங்கேயே ஓர் ஒயின் ஊரில் விடுதி வரவேற்பறையில் வேலை பார்த்தவர். ஒயினைக் கிளாஸில் ஊற்றுகிற இடம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். நொதிக்கிற இடம் தெரியாது. அவர் வரப்போகிறார் என்று கேட்டதும் நான் கேள்விகளைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தேன். வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். உறைந்த ஆறு பற்றிக் கேட்டேன். அவர் இருந்த ஊர் ஆறு உறைவதில்லையாம். சாயங்காலம் மணிச்சத்தம் ஆற்றின்மேல் போகுமா என்று கேட்டேன். ஆற்றங்கரையில் கார் நிறுத்துகிற இடம் இருக்கிறது, அந்தச் சத்தத்தில் கேட்காது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியவர் வேறு யாரும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கதையை அவர் ஒரே ஒருமுறை கேட்டார். பாதியில் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து, பிறகு கேட்கிறேன் என்றார்.

அடுத்த தடவை வந்தபோது ரைமரின் ஊர்த் தேவாலயத்தில் விசாரித்து முடித்திருந்தார். ரைமர் கல்யாணமே செய்துகொள்ளவில்லையாம்.

"கிளாரான்னு ஒருத்தி கெடையாது லில்லி. அதை எடுத்துருவோம். உண்மையே நல்லாத்தான இருக்கு?"

இனி விருந்தாளிகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தாங்களே சுற்றிப் பார்ப்பார்கள். சென்னையில் ஒருவரை வைத்துக் குரல் பதிவு செய்தாயிற்று. மூன்று மொழிகளில். என் வேலை என்ன என்று கேட்டேன். ஹெட்போன் கொடுக்க வேண்டும், திருப்பி வாங்க வேண்டும், துடைத்து வைக்க வேண்டும் என்றார். பக்கத்தில் நின்ற சுருளி அண்ணன், "விடு ஆத்தா, இனிமே தொண்டத்தண்ணி வத்தாது" என்றார்.

பிரின்ஸ் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஒன் குரல்ல ஒரு குறையும் இல்ல. ஆனா தெனமும் ஒரே மாதிரி இருக்கணும்ல? நீ ஒரு நாள் கிளாராவுக்குக் கருப்பு முடிங்குற, ஒரு நாள் செம்பட்டைங்குற" என்றார்.

அது நியாயம்தான். அவள் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தெரிந்தாள். கூட வாழ்கிறவர்கள் அப்படித்தானே தெரிவார்கள்.

அந்த வாரம் புதுச் சாறு நன்றாக நுரைத்துக்கொண்டிருந்தது. தேவாரத்தில் தம்பி தோட்டத்துக்குள் யானை இறங்கிவிட்டது என்று கன்னையன் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். போகும்போது, நான் வரும்வரை ஒரு ஆளையும் இறங்க விடாதே என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் பிரின்ஸ் தானே ஜீப் ஓட்டிக்கொண்டு வந்தார். நிலவறையில் எங்கே விளக்கு, எங்கே ஒலிபெருக்கி என்று அளவெடுக்க வேண்டும். அதற்குமுன் நான் விளக்கு இறக்குவதைப் போனில் படம் எடுக்க வேண்டும். கிளாரா வேண்டாம், ஆனால் விளக்கு அழகாக இருக்கிறது, பழைய வழக்கம் என்று மட்டும் போட்டுக்கொள்வோம் என்றார்.

இறக்கினேன். பாதிப் படிக்கட்டில் சுடர் நீண்டு, மெலிந்து, அணைந்தது. படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார். ஏற்றி இறக்கினேன். இந்த முறை இன்னும் மேலேயே அணைந்தது. அவர் போனைப் பையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன லில்லி, கிளாரா வேணாங்குறாளா?"

"நீங்கதான சார் அவ இல்லைன்னீங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன். கிளாரா இல்லை என்று ரைமரின் ஊர்வரை விசாரித்துக் கண்டுபிடித்தவர் அவர். இல்லாதவள் ஒருவரை எப்படித் தடுப்பாள்? நாடா இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது தானாகச் சுருண்டுகொள்கிற சத்தம். பிறகு ஏதோ ஒன்று தொட்டியில் மோதியது. அவ்வளவுதான்.

நான் மேல்படியில் உட்கார்ந்தேன். கதையைக் கப்பலில் இருந்து ஆரம்பித்தேன். அவசரப்படவில்லை. அன்றைக்குக் கிளாராவுக்குத் தேன் நிற முடி. துறைமுகத்தில் அவள் கையுறை ஒன்று தவறிவிழுந்ததையும் சொன்னேன், அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கீழே ஹாரன் இல்லை. போன் மட்டும் ஒருதரம் அவர் பையில் அடித்தது, அடித்து ஓய்ந்தது. முடித்துவிட்டுக் கோவிலுக்குப் போய் மணியை ஒருமுறை அடித்தேன்.

அந்த நேரத்தில் மணி கேட்டதால் காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பதறிக்கொண்டு வந்தார்கள். மேஸ்திரி அமாவாசை அண்ணன்தான் முன்னால். திறந்து கிடந்த நிலவறையைப் பார்த்ததும் இறங்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எறங்காதீக அண்ணே. உள்ள கெட்ட காத்து. வெளக்கு நிக்கல" என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சிரமமாகவே இல்லை. அவர் நின்றுவிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரிவுப் பக்கத்துப் பலகைக் கதவைப் பற்றி இரண்டாவது முறையாகக் கேட்கிறீர்கள். சாரல் அடித்தது, சாத்தினேன் என்று முதலில் சொன்னேன். அந்த வாரம் மழை இல்லை என்று அமாவாசை அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். சரி. பிரின்ஸ் அளவெடுக்க வரப்போகிறார் என்று சுருளி அண்ணன் சொன்ன அன்றைக்கே அதை நான் சாத்தினேன். இடுக்குகளில் ஏலக்காய்ச் சாக்கைக் கிழித்துச் செருகினேன். கிளாரா தனியாக இருக்க விரும்பினாள். எனக்கு அவளைத் தெரியும்.

நீங்கள் இதற்கு வைக்கிற பெயரை எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஹெட்போன்காரர்களால் என் கதை நின்றுபோக இருந்தது என்பதற்காக அவர்மீது எனக்குக் கோபம் என்று மட்டும் எழுத வேண்டாம். கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கதை சொல்லியிருப்பேனா? பிறகு கேட்கிறேன் என்று சொன்ன எத்தனையோ பேர் இந்த மேட்டிலிருந்து இறங்கிப் போயிருக்கிறார்கள், சார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, நடுவில் ஒரு கேள்வியும் கேட்காமல், மணியடிக்கும்வரை இருந்த விருந்தாளி அவர் ஒருவர்தான்.