கை காட்டாத பெரியவர்

— முகத்தைத் திருப்பிக்கினா எப்டி பெரியப்பா? ஒரே பெட்டியில ஏறிட்டோம். திண்டிவனம் வரைக்கும் ஜன்னலையே பாத்துக்கினு வந்தீங்கன்னா கண்ணுல கரித்தூளுதான் உழும்.

— உழட்டும். உம் மூஞ்சியப் பாக்கறதுக்குக் கரித்தூளு மேலு.

— இது நல்லா கீதே! மேடையில சொல்லலாம் போல.

— பாத்தியா அஞ்சம்மா? தகப்பன் இல்லாத புள்ளன்னு தோள்ல தூக்கி வளத்தேன். உங்கண்ணன் என்னையே மேடையில தூக்கி வெச்சிட்டான். இந்த அனந்தபுரத்து அரங்கநாதன் தும்முனா நாலு ஊரு சிரிக்குது.

— எங்கிட்ட ஏம்பா சொல்றீங்க? அண்ணன் எதிர்லதான உக்காந்துக்கினு இருக்கு. நேரா கேளுங்க.

— கேக்கத்தான் போறேன். ஏண்டா வேங்கடேசா, விழுப்புரம் ஸ்டேஷன்ல பார்சல் ஆபீஸ் வேலை. சர்க்கார் சம்பளம். அப்புறம் இன்னாத்துக்கு விகடக் கச்சேரின்னு ஊர் ஊரா போயி பல்லைக் காட்டற?

— நான் எங்க பல்லைக் காட்டறேன்? சனங்க காட்டறாங்க. டூட்டியை உட்டுட்டும் போறதில்ல. ராத்திரி பூரா மூட்டைய எடை போட்டுட்டு, தூங்காம வண்டி ஏறிடறேன். போன மாசம் செஞ்சி, அதுக்கு முன்ன திருவக்கரை. ஒரு நயாபைசா கைநீட்டி வாங்கினதில்ல. வெத்தல பாக்கும் ஒரு துண்டும்தான்.

— காசு வாங்காம மானத்தை வித்த மொதல் ஆளு நீதான். நம்ம தாத்தா ஊர் மணியம் பாத்தவரு. அவரு எதிர்ல சிரிக்கவே பயப்படுவாங்க.

— அதான் பாவம், சேத்து வெச்ச சிரிப்பெல்லாம் இப்ப வெளிய வருது.

— வாயைப் பாரு. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கூட்டேரிப்பட்டு உருப்படியை எத்தினி ஊர்ல பண்ணின?

— எண்ணல பெரியப்பா. போற எடமெல்லாம் அதைத்தான் கேக்கறாங்க.

— மயிலம் கோயிலுக்குப் போய்ட்டு, கூட்டேரிப்பட்டு ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னேன். இதுல சிரிக்க இன்னா இருக்கு?

— மூணு பஸ்ஸு நிக்காம போச்சேப்பா.

— போச்சு. அதுக்காக? வர்ற வண்டிக்கெல்லாம் கை நீட்டறதுக்கு நான் யாசகனா? அங்கவஸ்திரமும் குடையுமா ஒரு ஆளு நிக்கறது கண்ணுக்குத் தெரியுது இல்ல? அவன்தான் நிறுத்தணும்.

— நாலாவது பஸ்ஸு நின்னுதே பெரியப்பா. அதுல ஏன் ஏறல?

— அவன் யாரையோ எறக்கறதுக்கு நின்னான். என்னை ஏத்தறதுக்கு நிக்கல.

— இதைத்தான் நானும் சொல்றேன்! ஒரு வார்த்தை கூட்டல, கொறைக்கல. அப்புறம் நம்மூரு பூமாலையோட மாட்டு வண்டியில, உரிக்காத மல்லாட்டை மூட்டை மேல, முதுகு வளையாம உக்காந்துக்கினு ஊரு வந்து சேந்தீங்க.

— அந்தப் பூமாலைதான் உங்கிட்ட உளறியிருக்கான். அவனை அப்புறம் வெச்சிக்கறேன். சிரிக்காத அஞ்சம்மா.

— சிரிக்கலப்பா. கரித்தூளு.

— உங்களுக்கெல்லாம் வெளையாட்டு. ரெண்டு மாசம் முன்ன திரும்ப அதே எடத்துல நிக்கறேன். பஸ்ஸு கிரீச்சுனு தானா வந்து நிக்குது. கண்டக்டரு தலைய வெளிய நீட்டி, "கை காட்டாத பெரியவரு நிக்கறாரு, ஏத்திக்கோ"ன்றான். வண்டி பூரா சிரிப்பு. நான் அவனை முன்ன பின்ன பாத்ததில்ல. அவனுக்கு என்னைத் தெரியுது! அன்னியோட பஸ்ஸுல ஏறறதை உட்டேன். இனிமே ரயிலுதான்.

— ரயிலுக்கு நாம கை காட்ட வாணாம். தண்டவாளத்து ஓரமே கைகாட்டி நிக்குது.

— வேங்கடேசா!

— சரி, சரி. இன்னிக்கு உங்களோட வம்பு வாணாம். திண்டிவனம் வாசகசாலை ஆண்டு விழா. இந்தாங்க நோட்டீஸு.

— கண்ணாடி மூட்டைக்குள்ள கெடக்கு. நீ படி அஞ்சம்மா.

— "மாலை ஆறு மணிக்கு. விழுப்புரம் வேங்கடேசன் அவர்களின் விகடக் கச்சேரி. தலைமை, அரிசி மில் அதிபர்…" அப்பா.

— ஏன் நிறுத்திட்ட?

— "உயர்திரு துரைக்கண்ணு அவர்கள்."

— எந்தத் துரைக்கண்ணு?

— எனக்கு மாமனாரா வரப்போறவருதாம்பா.

— அடப்பாவி. இது உனக்குத் தெரியுமாடா?

— சத்தியமா தெரியாது பெரியப்பா. நீங்க தாம்பூலம் மாத்தறப்ப என்னை எங்க கூப்ட்டீங்க? மில்லுக்காரரு ஒருத்தரு ஆள் உட்டாரு, ஒத்துக்கினேன். யாரு எவருன்னு எனக்கு எப்டித் தெரியும்?

— எங்க வூட்டுல ஒரு விகடக்காரன் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கூப்பிடல. நாளைக்குக் காலையில அவங்களோட சேந்து காஞ்சிபுரம் போயி அஞ்சம்மாவுக்குக் கூறைப்புடவை எடுக்கணும். அதுக்குத்தான் இன்னிக்கே கெளம்பி வந்தோம். நீ யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சா புடவையும் இல்ல, கல்யாணமும் இல்ல. அடுத்தது மயிலம் ஸ்டேஷன். எறங்கிடு.

— எறங்க மாட்டேன்.

— கெஞ்சறேன்னு நெனைக்காத. சொல்றேன்.

— நானும் சொல்றேன். எட்டு வருஷமா அந்த பார்சல் ஆபீஸ்ல கெடக்கறேன். ஒரு ஆளு என்னை நிமிந்து பாத்ததில்ல. மூட்டையத்தான் பாப்பான். மேடையில ஏறினா அஞ்சூறு பேரு என்னைப் பாக்கறான். குடிச்சேனா, திருடினேனா? எதுக்கு நான் ஒளியணும்? நீங்க கை காட்ட மாட்டீங்க, நான் எறங்க மாட்டேன். ரெண்டும் ஒரே வூட்டு ரத்தம்தான?

— அப்டியா? சரி. நானும் உங்கூட அங்கயே வர்றேன். என் எதிர்ல எப்டிப் பண்றன்னு பாக்கறேன்.

— அப்பா, வீரம்மா அத்தை வூட்டுல சோறு ஆக்கி வெச்சிக்கினு காத்திருப்பாங்க.

— காத்திருக்கட்டும். திண்டிவனம் வந்ததும் மூட்டைய எடுத்துக்கினு எம் பின்னாடி வா.

*

— வாய்யா வேங்கடேசன்! மேடைக்குப் பின்னால இன்னா பண்ற? நம்ப வாசகசாலை வாசல்ல எள்ளு போட எடமில்ல. பொம்பளைங்களே நூறு பேரு கீறாங்க. மைக் செட்டு ரெடி. ஜல்தி!

— துரைக்கண்ணு அய்யா, ஒரு நிமிஷம்…

— நிமிஷமெல்லாம் கெடையாது. மொதல்ல அந்தக் கை காட்டாத பெரியவரு. செஞ்சியில அதைக் கேட்டுட்டு மூச்சு வாங்கி, என்னை ரெண்டு பேரு புடிச்சி வெளிய கூட்டிக்கினு போனாங்கய்யா. அதுக்கோசரம்தான் உன்னைக் கூப்ட்டதே. "எறக்கத்தான் நின்னான், என்னை ஏத்த நிக்கல"… ஹஹ்ஹா! எந்த ஊரு கெழம்யா அது?

— அய்யா, கொஞ்சம் பின்னால பாருங்க…

— ஒரு நாளைக்கு அந்த ஆளை நேர்ல காட்டு. கால்ல உழுந்து கும்புடறேன்.

— கும்பிட வாணாம் சம்பந்தி. இங்கதான் நிக்கறேன்.

— அட, சம்பந்தி! நீங்க எங்க இந்தப் பக்கம்? கொழந்தையும் வந்திருக்குதா? நான் ஏதோ ஒரு கெழத்தைப் பத்திப் பேசிக்கினு…

— அந்தக் கெழம் நான்தான். இவன் என் தம்பி மவன்.

— இன்னாது?

— பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. கேட்டீங்க, சொல்லிட்டேன்.

— அய்யோ, பேஜாராப் போச்சே! வெளிய உக்காந்துக்கினு கீற அஞ்சூறு பேரும் கல்யாணத்துக்கு வர்ற சனம்யா. மணவறையில நீங்க குடையோட வந்து நின்னா எவன் தாலியைப் பாப்பான்? வாயைப் பொத்திக்கினு சிரிப்பான்.

— செஞ்சியில நீங்க வாயைப் பொத்தலியே சம்பந்தி.

— அது ஊரான் வூட்டுக் கெழம்னு நெனச்சி சிரிச்சது! என் வூட்டுக்கு வர்றதுன்னா வேற.

— அய்யா, கச்சேரியே வாணாம். நான் இப்டியே வண்டி ஏறிடறேன்.

— ஏறினா சனம் பந்தலைப் பிச்சிடும். கேளு வேங்கடேசன். அந்த உருப்படியை உட்டுடு. வேற எதையாவது சொல்லி சிரிக்க வெய்யி. ஆனா நீ அனந்தபுரத்தான்னு இப்பவே ரெண்டு பேரு வெளிய பேசிக்கினு கீறானுங்க. அதனால மைக்கைப் புடிச்சதும் மொத வார்த்தையா ஒண்ணு சொல்லணும். "எனக்கு அனந்தபுரமும் தெரியாது, அரங்கநாதனும் தெரியாது, நான் யாருமத்தவன்." அவ்ளோதான். சொன்னா நாளைக்குப் புடவை எடுக்கறோம். சொல்லலன்னா தாம்பூலத் தட்டைத் திருப்பிக் குடுத்துக்கலாம்.

— பெரியப்பா, இன்னா சொல்றீங்க?

— என்னைக் கேக்காத.

— சரிங்க அய்யா. சொல்லிடறேன்.

— டேய் வேங்கடேசா!

— இருக்கட்டும் பெரியப்பா. நீங்க மிரட்டினா எறங்க மாட்டேன். ஆனா அஞ்சம்மா கல்யாணம் என்னால நிக்கக் கூடாது. அப்பா செத்தப்பவே பாதி யாருமத்தவன் ஆயிட்டேன். மீதியை மைக்ல சொல்லிட்டா போச்சு.

— நல்ல புள்ள! வா மேடைக்கு.

— அண்ணே, நில்லு. போவாத. மாமா, நான் ஒண்ணு சொல்லணும்.

— நீ இன்னாம்மா சொல்றது? பெரியவங்க பேசிக்கினு இருக்கோம் இல்ல?

— பேசிட்டீங்க இல்ல? இப்பக் கேளுங்க. அன்னிக்கு கூட்டேரிப்பட்டு வெயில்ல எங்கப்பா பக்கத்துல நின்னது அண்ணன் இல்ல, நானு. மல்லாட்டை மூட்டை மேல கூட உக்காந்து வந்தவளும் நானு. வூட்டுக்கு வந்ததும் ரெண்டு கார்டு வாங்கி, ஒண்ணு உடாம எழுதி, அண்ணனுக்கு விழுப்புரத்துக்குப் போட்டேன். நீங்க செஞ்சியில மூச்சு வாங்கி சிரிச்சது நான் எழுதினதுக்கு. இதுவரைக்கும் பதினோரு உருப்படி. எல்லாம் என் கையெழுத்து. வாய் மட்டும்தான் அண்ணனோடது. அண்ணனை யாருமத்தவன்னு சொல்லணும்னா என்னையும் சேத்து சொல்லணும். அப்டி ஒளிஞ்சிக்கினு வந்து உங்க வூட்டுல என்னால வெளக்கேத்த முடியாது.

— சம்பந்தி! உங்க பொண்ணு இன்னா பேசுதுன்னு காதுல உழுதா?

— உழுது. அஞ்சம்மா, என் கண்ணைப் பாத்து சொல்லு. நெசமா?

— நெசம்பா.

— பதினொண்ணுமா?

— பன்னெண்டாவது இந்தச் சம்பந்தம்தாம்பா. இன்னும் எழுதி முடிக்கல.

— கேட்டீங்களாய்யா? கல்யாணம் ஆகறதுக்கு முன்னயே என்னையும் எழுதுதாம்! வெளிய சனம் கை தட்டிக் கூப்புடுது. ஒரு முடிவைச் சொல்லுங்க.

— உங்க தாம்பூலத் தட்டு நாளைக்குக் காலையில திரும்பி வந்து சேரும் துரைக்கண்ணு. இப்ப முன் வரிசையில ரெண்டு நாற்காலி போடச் சொல்லுங்க. எம் பொண்ணு எழுதினதை ஊரே கேட்டுடுச்சு, நான்தான் இன்னும் கேக்கல.