தாயின் குடி, தகப்பனின் நூல்

சண்டை முடிந்து சில வருடங்கள். செங்கலடிச் சந்தியில் மட்டக்களப்பு பஸ் ஆளேற்ற நின்றபோது, பின் இருக்கையில் ஒரு பெண் சொன்னாள்: “உள்ள போன உடன தகப்பன்ட உடுப்பு முழுக்க உரிச்சிப் போடும், மச்சாள்.”

திரும்பினேன். சொன்னவளின் மடியில் கெம்பஸ் பாடக் கொப்பி. பக்கத்தில் அவளுடைய மச்சாள், தோளில் தூங்கும் சிறுமியோடு.

“எதுக்குள்ள கா?”

“கடல் முள்ளெலிட முட்டைக்குள்ள. கால்ல குத்துமே, அந்த முள்ளுருண்டை. விந்துக்குள்ள மரபணு நூல் இரிக்கும். அதை இறுக்கிப் பிடிச்சிருக்கிற புரதத்தை முட்டை கழட்டிப்போட்டு, தாய்ட புரதத்தைச் சுத்தும்.”

“எங்கட ஊர் மாதிரித்தான். பிள்ளைக்குத் தாய்வழிக் குடிதான்; இவளும் என்ட குடிதானே. தகப்பன்ட குடியக் கோயில்ல ஆர் கேக்காங்க?”

“ஓம். ஆனா நூல் அண்ணன்டதான். அது அழியாது. அதாலதான் ஆசுபத்திரியில இவள்ட ரத்தம் கேக்காங்க, காணாமப் போன அண்ணன்டதோ எண்டு, வயல் வட்டைக்குள்ள கிண்டியெடுத்த எலும்போட பொருத்திப் பார்க்க.”

பஸ் ஏறாவூரைத் தாண்டியது.

“பொருந்தினா?”

“அண்ணனத் தருவாங்க. கொள்ளி வைக்கலாம்.”

“பொருந்தாட்டி?”

“அது அண்ணன் இல்ல. எங்கயாவது உசிரோட இரிக்கலாம்.”

மச்சாள் சிறுமியின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள்.

“இவள் அச்சு அசலா அவரப் போல எண்டு ஆரும் சொன்னா எனக்கு அவ்வளவு சந்தோசம். இண்டைக்கு மட்டும், இவளுக்குள்ள அவர்ர ஒண்டும் இரிக்கப்படாதெண்டு அம்மாளுக்கு நேந்திரிக்கன்.”