நாற்பத்தொரு பெயர்கள்

அலுவலகத்துக்கு டீ வாங்கி வருவது நான்தான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. மாலினி அக்காவுக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறை, மூன்று பேர். முதலாளி தேசிக் சார், மென்பொருள் எழுதும் மாலினி, பத்தாவதோடு நின்ற நான். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்கு எடை போட்டுப் பில் அடிக்கும் மென்பொருள் எங்களுடையது. மாலினி எழுதி முடித்ததை விற்பனைப் பிரதியாக்குவது, ஆலைகளுக்குப் போய் ஏற்றிக் கொடுப்பது, பழைய பிரதிகளைப் பத்திரப்படுத்துவது எல்லாம் என் வேலை.

அந்த மென்பொருளில் பாதி, யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக விட்டவை. எடுத்து விற்கலாம். ஒரே நிபந்தனை, எழுதியவர் பெயரும் அவர் தந்த உரிம வாசகமும் ஒவ்வொரு பிரதியோடும் போக வேண்டும். பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. மாலினி ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டாள். நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் வேறு. பின்லாந்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். அதை மூன்று நாள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"முகம் தெரியாத மனுஷன் பானு. எவ்ளோ அன்பா எழுதியிருக்காரு பாரேன்."

முகம் தெரிந்த நான் எதிரில்தான் நின்றிருந்தேன்.

பிரதியிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்துவிட்டேன். அவள் கணினியிலும், பழைய பிரதிகளிலும் எடுத்தேன். பத்தொன்பது ஆலைகளில் ஏற்றிய பிறகு, வேறு பெயரில் பின்லாந்துக்காரருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவர் கோபப்படவில்லை. விற்பனையை நிறுத்தும்படி தேசிக் சாருக்கு மரியாதையாக எழுதினார்.

"லிஸ்ட்ட வச்சேன் சார். என் கையால வச்சேன்" என்றாள் மாலினி.

"வச்சது எங்கம்மா? கொள்ளிடத்துல குளிக்கப் போயிருக்கா?"

மாலினி என் பக்கம் திரும்பினாள். "பானு, நீ சொல்லு. உங்கிட்ட காட்டினேன்ல?"

"லெட்டர் போட்டீங்கக்கா. லிஸ்ட் போடணும், போடணும்னு சொல்லிட்டே இருந்தீங்க."

நான் பொய் சொல்வேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். அன்றே வேலை போயிற்று.

நான்கு மாதமாகிறது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறாள். தினமும் போய் அவளோடு இருந்துவிட்டு வருகிறேன். நேற்று கூடக் கேட்டாள்.

"கேஸ மூடினேனா பானு?"

மூடித்தான் இருந்தது.

"இல்லக்கா, தொறந்து இருந்துச்சு. நல்லவேளை நான் வந்தேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு நெருக்கமாக அவள் யாரோடும் இருந்ததில்லை.

வக்கீல் சார், நீங்கள் கேட்கும் பட்டியலின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. தந்துவிடுகிறேன். தேசிக் சாரிடம் காட்டுங்கள், பின்லாந்துக்கும் அனுப்புங்கள். மாலினியிடம் மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம். அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, தாங்கமாட்டாள்.