சத்திக் குளிசை

நெடுந்தீவுக்குப் போன வள்ளத்தில், பெண் பார்க்கப் புது வெள்ளைச் சட்டையோடு போன ஒருவன், வாந்தி வராதிருக்க மாத்திரை கொடுத்திருந்த தன் தங்கையிடம் சொன்னான்:

"நல்ல குளிசை, தங்கச்சி. இண்டைக்குத்தான் கடலிலை நான் சத்தி எடுக்கேல்லை."

"அது விற்றமின், அண்ணை. சத்திக் குளிசை ஒரு கடையிலையும் இல்லை."

அவன் முகம் வெளிறியது. சட்டையைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் குனிந்தான்.

"கரையிலை போய்ச் சொல்லியிருக்கலாமெல்லே? இப்ப வயித்தைப் பிரட்டுது."

"பகிடிக்குச் சொன்னனான். அது சத்திக் குளிசைதான்."

"உண்மையாவோ?"

"ஓம்."

அவன் நிமிர்ந்தான். இறங்குதுறைவரை சட்டை வெள்ளையாகவே இருந்தது.

பக்கத்திலிருந்து வழியெல்லாம் வாந்தி எடுத்த ஒரு பெண், இறங்கும்போது தங்கையின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, திரும்பிப் போக எனக்கும் அந்த விற்றமினிலை ஒண்டு தாரும்."