பிரெபென் ஒட்டிய கல்

— நிறுத்து லைலா. அந்த அல்ட்ராசவுண்ட் மெஷினோட தலைமேல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாரு.

— என்ன பிர்தெம்மா, இங்க பிசியோதெரபிஸ்ட் நானா நீங்களா? தோளைக் காட்டுங்க.

— ஆறு வாரமா தேய்க்கிறே, வலி அப்படியே கெடக்கு. இந்த மெஷின் செய்யுற ஹோர்சென்ஸ் ஃபேக்டரியில பன்னெண்டு வருஷம் எனக்கு இதான் வேலை. தண்ணி விட்டு, கரண்ட் குடுத்து, துள்ளுதான்னு பாக்கணும்.

— புது மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. இது எங்கப்பா வச்சிருந்த பழசு. இந்தாங்க, விட்டாச்சு... அட! இந்தப் பக்கம் பொங்குது, அந்தப் பக்கம் அசையவே இல்ல.

— தலைக்குள்ள ஒட்டியிருக்கிற கல்லுக்கடியில காத்துக் குமிழி. கரண்ட்டுல கல்லு துடிக்கும், அந்தத் துடிப்புதான் உடம்புக்குள்ள போற சத்தம். நடுவுல துளி காத்து இருந்தாலும் தாண்டாது.

— அதுக்குத்தானே நான் ஜெல் பூசுறேன்.

— அதேதான். கல்லை ஒட்டுனவன் மெஷின் தலையோட பின்பக்கம் ஒரு அடையாளம் கீறியிருப்பான், பாரு.

— சின்னதா ஒரு மீன்.

— ஐயோ... பிரெபென்!

— யாரது? முகமே மாறிப்போச்சு!

— எனக்கு எதிர் மேசை. அவன் கல்லு ஒட்டுவான், நான் சோதிப்பேன். கைநடுக்கக்காரன், வாரத்துக்கு ரெண்டு குமிழி விட்டுருவான். பழுதானதை ஒட்டுனவனே வந்து வாங்கிக்கணும், அது எங்க வழக்கம். வந்து நிப்பான், "மன்னிச்சுக்க பிர்தெ"ம்பான், கால்மணி நேரம் மழையைப் பத்திப் பேசுவான்.

— மழையை மட்டுமா?

— வேற பேசத் தெரியாது மடையனுக்கு. எனக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்!

— அப்ப இது எப்படி வெளிய வந்துச்சு?

— ஜூலை லீவுக்கு முந்தின நாளு. இன்னொரு குமிழின்னா மேலாளர் அவனைத் தொலைச்சிருவாரு. பாவமேன்னு சரிபார்த்த முத்திரையைக் குத்திட்டேன். தெரிஞ்சே நான் பண்ண ஒரே தப்பு அது. லீவு முடிஞ்சு அவன் வரல. நார்வேல வேலைன்னாங்க. முப்பத்தொரு வருஷமாச்சு லைலா, இன்னும் காபி குடிக்கையில எதிர் நாற்காலியைத்தான் பாக்கிறேன்.

— நீங்க வேலைக்கு வராத நாள்ல யாரு சோதிப்பாங்க?

— ஒருதரம் கால் ஒடிஞ்சு ரெண்டு மாசம் படுத்திருந்தேன். கிழவன் ஓவெ பாத்துக்கிட்டான். கொடுத்து வச்சவன், பிரெபென்கிட்டருந்து ஒரு குமிழிகூட வரலியாம்.

— அந்த ரெண்டு மாசம் மட்டும் அவரு கை நடுங்கலையா பிர்தெம்மா?

— அப்ப லீவுக்கு முந்தின நாளு என்கிட்ட என்னமோ சொல்லத்தான் வேணும்னே இதைக் குமிழியோட ஒட்டியிருக்கான். முத்திரையைக் குத்தி நான்தான் வரவிடல.