துரைராசு அண்ணன் காருல மஞ்ச லைட்டு

கத்துங்கண்ணே, நல்லாக் கத்துங்க. எதுத்த டீக்கடைல பாதிப் பேருக்குத்தான் கேட்டிருக்கு, மிச்சப் பேருக்கும் கேக்கட்டும். போன வாரம் இந்த லின்சி ஆயில் மாத்துனா, மறுநாளே எஞ்சின் லைட்டு எரியுது, பொம்பள கைபட்டு வண்டி கெட்டுப்போச்சு. அதானே? தஞ்சாவூர்ல சர்வீஸ்காரன் அப்படித்தானே சொன்னான்?

சரி, சாவியக் குடுங்க. மாட்டீங்களா? துரைராசு அண்ணே, இருபது வருசம் சிங்கப்பூர்ல கெடந்து வாங்குன காரு, வலிக்கும்தான். எனக்கு மட்டும் வலிக்காதா? ஒரத்தநாட்டுல பட்டறை போட்டு எட்டு வருசம் ஆச்சு. நீங்க இப்படிச் சொல்லிட்டுப் போனா நாளைக்கு ஒரு வண்டி இந்தப் பக்கம் திரும்பாது, நான் ஷட்டர எறக்க வேண்டியதுதான். அதனால குடுங்க. என் தப்புன்னா நானே அந்த டீக்கடை வாசல்ல நின்னு சொல்றேன்.

ம்... ஸ்கேனர் சொருகியாச்சு. பாருங்க, பி ஜீரோ ஒன் ஃபோர் ஒன்னுன்னு கோடு நம்பர் காட்டுது. சைலன்சர் பைப்புல ஒரு சென்சார் இருக்கு, அதுக்குள்ள இருக்குற ஹீட்டருக்குக் கரண்டு போகல. தஞ்சாவூர்க்காரன் உடனே சென்சார மாத்துங்கன்னுட்டானா? சொல்லுவான். இந்தக் கோடு இருக்கே, எங்க வலிக்குதுன்னுதான் சொல்லும், ஏன் வலிக்குதுன்னு சொல்லாது. அதுக்கு மல்லாக்கப் படுத்து அடியில போகணும். அவன் சட்டை அழுக்காயிடும்ல!

கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க. ஸ்ஸ், சுடுது. நான் ஆயில் மாத்துன எடம் அங்க முன்னாடி, இது நடுவுல... மாதாவே!

அண்ணே, குனிஞ்சு பாருங்க. உளுந்தஞ்செடி. பைப்பச் சுத்தி முறுக்கிக் கெடக்கு, அதுதான் ஒயர இழுத்து அறுத்திருக்கு. ரோட்டுல காயப் போட்டது மேல ஏறி வந்திருக்கீங்க. நம்ம பக்கம் உளுந்து அடிச்சுக் குடுக்குறதே போற வர்ற வண்டிங்கதானே? காஞ்ச செடி, சூடான பைப்பு. இன்னும் ரெண்டு நடை ஓட்டிருந்தீங்கன்னா தீப்பிடிச்சிருக்கும். ஆமா, நெசமாத்தான் சொல்றேன்.

இருங்க... ம், செடிய உருவியாச்சு, ஒயருக்கு ஒட்டுப் போட்டு, சூடு தாங்குற உறை மாட்டிட்டேன். ஸ்கேனர்ல அந்தக் கோட அழிச்சாச்சு. ஸ்டார்ட் பண்ணுங்க. எரியுதா? எரியாது.

என்னது, உளுந்து போட்ட ஆளு மேல கம்ப்ளெயிண்ட்டா? தாராளமா குடுங்க. எந்த எடம்? வாய்க்கா மதகு வளைவுலயா? போன வாரம் அங்க ஒரே ஒருத்தருதான் போட்டிருந்தது. பேரு சொல்றேன், எழுதிக்கங்க. லின்சி, தகப்பன் பேரு மதலைமுத்து.

ஆமாண்ணே, நாந்தான். செடியப் பாத்ததுமே என்னுதா இருக்குமோன்னு நெனச்சேன். பேசாம உருவி மடியில சொருகியிருந்தா மேல நிக்கிற உங்களுக்கு எங்க தெரியப்போவுது? மனசு வரல. ஸ்டேஷனுக்குப் போறதுன்னா வண்டிய எடுங்க, நானும் ஏறிக்கிறேன். ஆனா ஒயர அறுத்தது என் உளுந்துண்ணே, என் கை இல்ல.